கழிப்பறையை மாற்றுமுன் சற்றே யோசியுங்கள்!

மும்பையில் வீடு புதுப்பிக்கும் காலம் தீபாவளி கழிந்து தொடங்குகிறது. ஜூன் மாதம் மழை இறங்கும்வரை நீடிக்கிறது. இந்த மாதங்களில் மாட்டுங்காவிலிருந்து டோம்பிவிலி வரை, நம்மவர்கள் குடியிருக்கும் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் ஏதாவது ஒரு மாடியில் உளிச் சத்தம் கேட்கும். உடைந்த டைல்ஸும் செங்கல் தூளும் சாக்குகளில் கட்டப்பட்டுப் படிக்கட்டில் அடுக்கப்பட்டிருக்கும். பிராவிடண்ட் ஃபண்டில் எடுத்த கடன், சீட்டில் எடுத்த பணம், மனைவியின் வளையலை வைத்து வாங்கிய தொகை எல்லாம் அந்தச் சாக்குகளின் பின்னால் இருக்கின்றன.

வேலை முடிந்து ஓராண்டு கழித்து அதே வீட்டுக்காரர்களிடம், "செய்ததில் எதை நினைத்து இப்போது வருந்துகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். சுவரின் நிறம் பிடிக்கவில்லை என்று சிலர் சொல்வார்கள். விளக்கு சரியில்லை, குழாய் ஒழுகுகிறது என்று சிலர் சொல்வார்கள். இவையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாற்றிவிடக்கூடியவை. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால், பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு வேறொன்றைச் சொல்வார்கள். அது கழிப்பறையைப் பற்றியதாக இருக்கும். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. அதனாலேயே ஒரு வீட்டில் நேர்ந்த தவறு பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல், அங்கேயும் நேர்கிறது.

வரிசையில் நின்றவர்கள்

மும்பைத் தமிழர்களில் ஒரு தலைமுறையே பொதுக் கழிப்பறை வாசலில் டப்பாவுடன் வரிசையில் நின்று வளர்ந்தது. சால் வீடுகளில் மாடிக்கு ஒரு கோடியில் நாலைந்து கழிப்பறைகள். அவற்றுக்கு இருபது குடும்பங்கள். தாராவியில் அதுவும் இல்லாத சந்துகள் உண்டு. பெண்கள் விடியுமுன் போய் வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இருட்டும்வரை காத்திருக்க வேண்டும்.

குடிசை மறுவாழ்வுத் திட்டம் 1995-ல் வந்த பிறகு, அதன் கீழ்க் கட்டிய வீடுகளில் குடும்பத்துக்கென்று ஒரு கழிப்பறை கிடைத்தது. முதலில் 225 சதுர அடி, பிறகு 269, பிறகு 300 என்று வீட்டின் அளவு கூடியது. ஆனால் எந்த அளவிலும் கழிப்பறை ஒன்றுதான். ஆயுள் முழுவதும் வரிசையில் நின்றவருக்கு அந்த ஒரு கதவு பெரிய சொத்து. அதைப் பளபளப்பாக வைத்துக்கொள்ள அவர் ஆசைப்படுவதில் குற்றமே இல்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும், தரையோடு இருந்த பழைய பேனைப் பெயர்த்துவிட்டு, நாற்காலி போல உட்காரும் கமோடு வைக்கிறார். வாழ்க்கையில் ஒரு படி ஏறியதற்கு அது ஓர் அடையாளம் என்று நினைக்கிறார்.

அந்த வீட்டில் யார் யார் அதைப் பயன்படுத்தப் போகிறார்கள் என்பதை மட்டும் அந்த அவசரத்தில் கேட்க மறந்துபோகிறார்.

அம்மா ஏன் ஊருக்குத் திரும்பினார்?

செம்பூரில் மூன்றாவது மாடியில் வசிக்கும் ஓர் அன்பர் நெல்லைப் பக்கத்துக்காரர். ஒரு கம்பெனியில் எழுத்தர். போன வருஷத்துக்கு முந்திய வருஷம் வீட்டைப் புதுப்பித்தார். இருந்த ஒரே கழிப்பறையில் இந்திய முறைப் பேனை எடுத்துவிட்டு வெள்ளை வெளேரென்று ஒரு கமோடு வைத்தார். பொங்கல் முடிந்ததும் ஊரிலிருந்து அம்மாவை அழைத்து வந்தார். எழுபத்தைந்து வயது. இன்றும் தோட்டத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து களை பறிக்கும் உடம்பு. கோடை முடியும்வரை இருப்பதாக ஏற்பாடு.

மூன்றே வாரத்தில் ஊருக்குக் கிளம்புகிறேன் என்றார் அந்த அம்மாள். மருமகள் ஏதும் சொல்லிவிட்டாளோ என்று மகனுக்குச் சந்தேகம். அந்தப் பெண்ணுக்கோ, நாம் என்ன குறை வைத்தோம் என்று அழுகை. கேட்டதற்கெல்லாம், "ஒண்ணுமில்லல, ஊரு ஞாபகமா இருக்கு" என்பதுதான் பதில். ரயிலேற்றி அனுப்பினார்கள்.

நான்கு நாள் கழித்துக் கட்டடத்துக் காவலாளி இவரை நிறுத்தி, "மாஜி ஊருக்குப் போய்விட்டார்களா? காலையில் சாவி கேட்க வரவில்லையே" என்று விசாரித்தார். என்ன சாவி என்று இவருக்குப் புரியவில்லை. கீழே காவலாளிக்கென்று ஒரு சிறிய கழிப்பறை உண்டு. அது இந்திய முறை. மற்றவர்கள் எழுந்திருக்குமுன், காலை நாலரை மணிக்கு, அந்த அம்மாள் மூன்று மாடி இறங்கி வந்து சாவி வாங்கிக்கொண்டு போவாராம். பகலில் அங்கே போகக் கூச்சம் என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பாட்டையும் குறைத்திருக்கிறார். அத்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மருமகள் சொல்லியிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

மகன் ஊருக்குப் போன் செய்து கேட்டார். "காலு தரையில ஊணாம எப்பிடில இருக்க முடியும்? நீ ஆசையா வச்சிருக்க. அதப் போயி நான் எப்பிடிச் சொல்லுவேன்?" என்றாராம்.

"டைல்ஸ் நிறத்துக்கு என் மகளைக் கேட்டேன். கமோடு கம்பெனிக்கு ஆபீஸில் பத்துப் பேரைக் கேட்டேன். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை" என்கிறார் அந்த அன்பர்.

முழங்கால் சொல்லும் வேறு கதை

அப்படியானால் பழைய முறையே மேல் என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் முடியாது. டோம்பிவிலியில் ஓய்வு பெற்ற ஒரு தம்பதியின் கதை இதற்கு நேர்மாறானது. நாற்பத்தைந்து வயதில் வீடு வாங்கியபோது, "நம் பழக்கம் நமக்கு" என்று இந்திய முறையே போதும் என்றார் கணவர். பில்டர் கமோடு வைத்துத் தருகிறேன் என்றபோதும் வேண்டாம் என்றார். பதினேழு வருஷம் கழித்து மனைவிக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டு மாற்று அறுவை நடந்தது. வீட்டுக்கு அனுப்பும்போது, இனிக் குத்துக்கால் போட்டு உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் வீடு திரும்பிய அன்று, தம் வீட்டுக் கழிப்பறையைத் தாமே பயன்படுத்த முடியாதவராக இருந்தார்.

குத்துக்கால் போட்டு உட்காருவது வயிற்றுக்கு நல்லது என்பது உண்மையே. அந்த நிலையில் மலக்குடலின் வளைவு நிமிர்ந்து, முக்காமல் வேலை முடிகிறது. ஆனால் மூட்டுத் தேய்மானம் வந்தவருக்கும், பக்கவாதத்தில் ஒரு பக்கம் பலம் குறைந்தவருக்கும், நிறைமாதக் கர்ப்பிணிக்கும் உட்கார்ந்து எழுவதே ஆபத்து. ஆகவே எது உயர்ந்த முறை என்பதல்ல கேள்வி. இந்த வீட்டில் இன்று யார் இருக்கிறார்கள், பத்து வருஷம் கழித்து அவர்களுக்கு என்ன வயதாகும் என்பதுதான் கேள்வி. ரயில் பெட்டியில் இரண்டு முறையிலும் கழிப்பறை வைத்திருக்கிறார்கள். ஒரு நாள், இரண்டு நாள் பயணத்துக்கே அந்த யோசனை தேவைப்படுகிறது. நாம் வீட்டில் இருப்பது இருபது வருஷம்.

தரைக்குள் இருப்பது என்ன?

இந்தத் தேர்வில் தவறினால் ஏன் இவ்வளவு வருத்தம்? காரணம் தரைக்கு அடியில் இருக்கிறது.

கழிப்பறைக்குக் கீழே வளைந்த குழாய் ஒன்று உண்டு. பிளம்பர்கள் டிராப் என்பார்கள். அந்த வளைவில் எப்போதும் சுமார் 2 அங்குலம் தண்ணீர் நின்று, சாக்கடை வாடை மேலே வராமல் அடைத்துக்கொள்கிறது. லண்டனில் கடிகாரம் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங் என்பவர் 1775-ல் இந்த வளைவுக்குக் காப்புரிமை பெற்றார். இன்றுவரை உலகமெங்கும் அந்தத் தத்துவமே நடக்கிறது.

இந்திய முறைப் பேனும் அதன் டிராப்பும் தரைமட்டத்துக்குக் கீழே புதைகின்றன. அதற்காகவே மாடி வீடுகளில் கழிப்பறைத் தளத்தை ஓர் அடி முதல் ஒன்றரை அடி வரை இறக்கிக் கட்டி, செங்கல் துண்டு போட்டு நிரப்பி, நீர் கசியாத பூச்சுக் கொடுத்து, மேலே டைல்ஸ் பதிக்கிறார்கள். கமோடோ தரைக்கு மேலே நிற்பது. ஆகவே ஒன்றை எடுத்து மற்றொன்றை வைப்பதென்றால், பழைய பூச்சை உடைத்து, குழாயை மாற்றி, மறுபடி நிரப்பி, மறுபடி பூச வேண்டும். பேன் அல்லது கமோட்டின் விலை அந்த மொத்தச் செலவில் ஒரு பங்குதான். கூலியும் பூச்சும் டைல்ஸும் மீதியைத் தின்கின்றன. சரியாகப் பூசாவிட்டால் கீழ் வீட்டுக் கூரையில் ஈரம் தெரியும். பல வருஷம் பண்டிகைக்குப் பலகாரம் கொடுத்து வாங்கிய இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொள்ள அந்த ஈரம் போதும்.

கமோடு வாங்கும்போது பலர் கவனிக்காத அளவு ஒன்றும் உண்டு. சுவரிலிருந்து கழிவுத் துளையின் மையம் வரை உள்ள தூரம் அது. 9 அங்குலம், 12 அங்குலம் எனப் பலவகை உண்டு. இதை டைல்ஸ் ஒட்டிய சுவரிலிருந்து அளக்க வேண்டும். வெறும் செங்கல் சுவரிலிருந்து அல்ல. அளவு பொருந்தாத கமோடு வந்து இறங்கினால், மிஸ்திரி ஒரு வளைந்த பிளாஸ்டிக் துண்டைப் போட்டுச் சமாளித்துவிட்டுப் போவார். அடைப்பு அங்கேதான் ஏற்படும். வேறு சில கமோடுகளில் கழிவு வெளியேறும் வழி தரையை நோக்கியிராமல் பின்சுவரை நோக்கியிருக்கும். நம் வீட்டுக் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று தெரியாமல் கடைக்குப் போகவே கூடாது.

இடத்தையும் அளந்து பாருங்கள். கமோடு சுவரிலிருந்து முன்னால் 26 முதல் 28 அங்குலம் வரை நீளும். பழைய கட்டடங்களில் மூன்றரை அடி ஆழமுள்ள கழிப்பறையில் அதை வைத்தால், முன்னால் மிஞ்சுவது ஒன்றேகால் அடி. கதவு உள்பக்கம் திறப்பதாக இருந்தால் முழங்கால் இடிக்கும். அதைவிட முக்கியம்: வயதானவர் உள்ளே மயங்கி விழுந்தால், அவர் உடம்பே கதவைத் தடுத்து நிற்கும், வெளியிலிருந்து திறக்க முடியாது. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றுவது ஒரு நாள் தச்சு வேலை.

தண்ணீர்க் கணக்கு

மும்பைக்கு ஏழு ஏரிகளிலிருந்து நீர் வருகிறது. ஆனாலும் பெரும்பாலான பகுதிகளில் குறிப்பிட்ட சில மணி நேரம்தான் குழாயில் தண்ணீர். ஏரிகளில் நீர் குறைந்தபோது 2023-லும் 2024-லும் மாநகராட்சி 10 சதவீத வெட்டு அறிவித்தது. அம்பர்நாத், கல்யாண் பக்கத்தில் வசிப்பவர்களுக்கு இந்தக் கதையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஐந்து பேர் உள்ள வீட்டில் ஒருவர் நாளைக்கு நாலு தடவை போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் இருபது தடவை. பழைய 10 லிட்டர் தொட்டியானால் 200 லிட்டர். சமையலறை மூலையில் நாம் வைத்திருக்கும் நீல டிரம் முழுவதும் காலி. இரண்டு பொத்தான் உள்ள புதுத் தொட்டியில் பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர், சின்னதற்கு 3 லிட்டர். ஐந்து தடவை பெரியது, பதினைந்து தடவை சின்னது என்றால் 75 லிட்டரோடு முடிந்துவிடும்.

ஆனால் பழைய கமோட்டில் புதுத் தொட்டியை மட்டும் பொருத்தினால் ஒரு தடவையில் சுத்தமாகாது. இரண்டு தடவை அழுத்தினால் மிச்சம் போச்சு. தொட்டியும் கமோடும் ஒன்றுக்கொன்று ஜோடியாகச் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். தொட்டிக்கே தண்ணீர் ஏறாத வீடுகளில் வாளியால்தான் ஊற்ற வேண்டும். கமோட்டில் ஓர் அரை வாளியை ஒரே வீச்சில் ஊற்றினால்தான் போகும். சரிவான இந்திய பேனுக்கு அதைவிடக் குறைவாகவே போதும். 1970-ல் பீகாரில் பிந்தேஷ்வர் பாட்டக் தொடங்கிய சுலப் இயக்கத்தின் கழிப்பறை, பேனின் சரிவை அதிகமாக்கியதால் ஒன்றரை, இரண்டு லிட்டரிலேயே சுத்தமாயிற்று. தண்ணீர் வராத பேட்டையில் இருப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சுவருக்குள் ஒளிந்த தொட்டி

இப்போது கடைகளில் கண்ணைப் பறிப்பது, தரையைத் தொடாமல் சுவரிலேயே தொங்கும் கமோடு. தொட்டி சுவருக்குள் மறைந்திருக்கும். வெளியே இரண்டு பொத்தான்கள் மட்டும் தெரியும். தரையைக் கூட்டித் துடைக்க வசதி என்பதை மறுப்பதற்கில்லை.

தானே பக்கத்தில் இதை வைத்த ஒரு குடும்பம் இரண்டாம் வருஷமே நொந்துபோனது. தொட்டிக்குள் ரப்பர் வளையம் தேய்ந்து இரவும் பகலும் தண்ணீர் கசிந்தது. அந்த மாதிரித் தொட்டியைப் பழுது பார்க்கப் பொத்தான் பலகையைக் கழற்றி அதன் வழியாகத்தான் கைவிட வேண்டும். பேட்டை பிளம்பருக்கு அது பழக்கமில்லை. என்ன மாடல் என்று எழுதிய அட்டைப் பெட்டியை வீட்டுக்காரர்கள் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட்டார்கள். கடைசியில் டைல்ஸை உடைத்தார்கள். அதே டைல்ஸ் கடையில் தீர்ந்துபோயிருந்தது. இன்று அந்தச் சுவரில் நடுவில் மட்டும் வேறு நிறம்.

வீட்டுக்குள்ளிருக்கும் தடுப்புச் சுவர் பெரும்பாலும் நாலரை அங்குலம்தான். அதில் இரும்புச் சட்டம் இல்லாமல் கமோடு தொங்கவிடுவது அபாயம். தொட்டி வெளியே தெரிந்தால் அழகு கொஞ்சம் குறையும். ஆனால் எந்த மூலைக்கடையிலும் உதிரிப்பாகம் கிடைக்கும்.

எந்தத் தொட்டியானாலும் கசிகிறதா என்று பார்க்க ஒரு சுலப வழி உண்டு. துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைத் தொட்டியில் கொஞ்சம் விடுங்கள். அரை மணி நேரம் யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். கமோட்டுக்குள் நீலம் தெரிந்தால் கசிவு உண்டு.

உடைக்காமல் ஒரு வழி

ஏற்கெனவே மாற்றிவிட்டு வருந்துகிறவர்கள் உடனே மறுபடி உளியைத் தூக்க வேண்டியதில்லை. இந்திய பேன் உள்ள வீட்டில், நடுவில் துளையுள்ள இரும்பு அல்லது பிளாஸ்டிக் நாற்காலியைப் பேனுக்கு மேல் வைத்தால், முழங்கால் வலி உள்ளவர் உட்கார்ந்து எழலாம். மருத்துவ சாமான் கடைகளில் கிடைக்கிறது. வேலை முடிந்ததும் மடக்கிச் சுவரோரம் வைத்துவிடலாம். டோம்பிவிலி அம்மாள் அப்படித்தான் ஆறு மாதம் ஓட்டினார். பிறகுதான் பணம் திரட்டித் தரையை உடைத்தார்கள்.

கமோடு உள்ள வீட்டில், காலைத் தரையில் ஊன்றிப் பழகியவருக்கு ஏழெட்டு அங்குல உயரத்தில் உறுதியான ஒரு மனையைக் கமோட்டின் முன்னால் போட்டுக் கொடுக்கலாம். முழங்கால் இடுப்பைவிட உயர்ந்து, குத்துக்கால் போட்டது போன்ற நிலை வரும். எக்காரணம் கொண்டும் கமோட்டின் விளிம்பில் ஏறி உட்கார விடக் கூடாது. பீங்கான் உடைந்தால் கத்தியைப் போலக் கிழித்துவிடும்.

இரண்டு முறைக்கும் பொதுவாக, கால் வைக்கும் இடத்துடன் வரும் ஆங்கிலோ இந்தியன் கமோடு சிலருக்கு உதவுகிறது. ஆனால் சுமார் ஒன்றேகால் அடி உயரத்தில் ஈரமான விளிம்பில் ஏற வேண்டியிருப்பதால் முதியவருக்கு ஏற்றதல்ல. கழுவும் வேலையும் அதிகம். அந்த வேலை யார் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியும்.

மிஸ்திரி வருமுன்

சொசைட்டியில் எழுத்து மூலம் அனுமதி வாங்குங்கள். இரண்டு கழிப்பறை உள்ள வீடானால் ஒன்று இந்திய முறை, ஒன்று கமோடு என்று வைப்பதே உத்தமம். பக்கச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும்; துண்டு போடும் கம்பி உடம்பின் எடையைத் தாங்காது. பூச்சு முடிந்ததும் டைல்ஸ் ஒட்டுமுன் வழியை அடைத்து, ஒரு நாளாவது தண்ணீர் நிறுத்தி, கீழ் வீட்டுக்காரரை அழைத்து அவர் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். தரையை மூடுமுன் குழாய் போகும் வழியைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். டைல்ஸ் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போடுங்கள்.

செம்பூர் அன்பர் இப்போது மனை ஒன்று செய்து வைத்திருக்கிறார். சுவரில் கம்பியும் பதித்தாகிவிட்டது. வருகிற பொங்கலுக்கு அம்மாவைக் கூப்பிட்டிருக்கிறார். "வந்து பாருங்க, சரிப்படலேன்னா உடைச்சிருவோம்" என்று சொல்லியிருக்கிறாராம். அந்த அம்மாள் இன்னும் பதில் சொல்லவில்லை.

புதுப்பிக்கும் யோசனையில் இருக்கும் வாசகர்கள், கடைக்குக் கிளம்புமுன் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து கேளுங்கள். அவர் ஊரில் இருந்தால் போன் போட்டுக் கேளுங்கள். கூச்சத்தில் முதலில், "எனக்கு எதுன்னாலும் சரி" என்றுதான் சொல்வார். அதோடு விட்டுவிடாமல் இரண்டாம் தடவையும் கேளுங்கள்.